இஞ்சிக்கும் வேர் உண்டு

வேங்கிக்கால்

அன்புள்ள மகன் அன்பரசனுக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். பெர்லினில் நீயும் மருமகளும் குழந்தை கவிநிலாவும் சுகமாக இருக்க வேண்டும், சொந்த ஊரே கிடையாது என்று எழுதிவிட்டவனுக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா. நீ அனுப்பிய கட்டுரையையும் கூட வந்த கடிதத்தையும் படித்தேன். வேர் என்பது மனிதனுக்குக் கால்விலங்காம், நீ வேரும் மையமும் இல்லாமல் இஞ்சி மாதிரி படருகிற ரைசோமாம், அதனால் தை மாதம் குலசாமி வேடியப்பன் கோயிலில் குழந்தைக்கு முதல் மொட்டை போட வரமாட்டாயாம். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் கூட மரியாதையாக இருந்திருக்கும். ஆயுசு முழுக்கத் தாவரவியல் நடத்தியவளுக்கு இஞ்சிப் பாடம் எடுக்கிறாயே, கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாயா? பிளஸ் ஒன்னில் இஞ்சியை வேர் என்று எழுதி என்னிடமே மார்க்கைக் கோட்டைவிட்டவன் நீ, இப்போது டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு இஞ்சிக்கு வேரே இல்லை என்கிறாய். இரண்டும் தப்பு. அது தண்டு, ஆனால் போகிற இடமெல்லாம் கணுவில் வேர் விட்டுக்கொண்டுதான் போகும், விடாத துண்டு அழுகிப்போகும். இத்தனை வருஷமாக அங்கே இருக்கிறாய், எதிர்வீட்டுக்காரர் பேர் கேட்டால் முழிக்கிறாய், நீ எங்கே வேர் விட்டாய்?

அப்பாவுக்கு உன் தத்துவம் புரியவில்லை, வரமாட்டாய் என்பது மட்டும் புரிந்தது. நம்மள வேணாம்னுட்டானா கஸ்தூரி என்று ஒரு தடவை கேட்டார், அப்புறம் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. நேற்று கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அவன் வரலன்னா போவுது, சாமியாவது அங்க போவட்டும், பிடிமண்ணு அனுப்பி வுடறேன் என்கிறார். உன் கொள்ளுத்தாத்தா செங்கம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தபோது தாய்க்கோயிலில் ஒரு பிடி மண் அள்ளிவந்து போட்டுத்தான் இந்தக் கோயிலே எழும்பியது. உன் தத்துவம் பிறக்கும் முன்பே எங்கள் சாமி படர்ந்துவிட்டார், அதற்காக யாரும் கட்டுரை எழுதிப் பீற்றிக்கொள்ளவில்லை. அனுப்பக் கூடாது என்று நான்தான் தடுத்தேன். பிடிமண் பார்சலில் போகாது. பிரிந்து போகிறவன் நேரில் வந்து, கும்பிட்டு, தன் கையாலேயே குனிந்து அள்ள வேண்டும், அதுதான் முறை. பிரிந்துதான் போவேன் என்றால் தாராளமாகப் போ, ஆனால் வந்து அள்ளிக்கொண்டு போ. அப்பா பக்கத்தில்தான் நிற்பார், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உன்னால் அள்ள முடிகிறதா என்று பார்க்கிறேன்.

மருமகளுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசி, உனக்கும்தான், எவ்வளவு கோபம் இருந்தாலும் ஆசியில் கம்மி பண்ண மனசு வரவில்லை. நீ வருகிற வரைக்கும் குழந்தை முடியில் கத்தரி படக் கூடாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவளும், உனக்கு மார்க் போட்டவளுமான
கஸ்தூரி