சூரணம் எண் மூன்று

ஐப்பசி 9, சனி

காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் அழைத்தார். "உங்க நோயாளி தங்கப்பனுக்கு ஈறுல ரத்தம் நிக்கல. நாம எல்லாரும் மருந்து எழுதுற பொதுக் கணினிப் பதிவுல நீங்க 'சூரணம் எண் மூணு'ன்னு போட்டிருக்கீங்க. அப்படின்னா என்ன?"

பூண்டு, சுக்கு, மஞ்சள் என்று சொன்னேன். மூன்றுமே ரத்தத்தை இளக்கும், உடனே நிறுத்துங்கள் என்றார்.

மருந்தின் பெயரை மறைத்து எண் போடுவது சித்த வைத்தியர்களான எங்களுக்குப் பழக்கம். அடுத்தவர் பார்த்துச் செய்துவிடக்கூடாது. கணினிக்கு வந்தும் அதையே செய்தேன். ரத்தம் உறையாமலிருக்கத் தங்கப்பன் ஏற்கனவே மாத்திரை சாப்பிடுவதும் அதே திரையில் இருந்தது. நான் கீழே தள்ளிப் பார்க்கவில்லை.

எல்லா எண்களையும் எடுத்துவிட்டுப் பெயர்களை எழுதப்போகிறேன் என்று, என்னோடு கிளினிக் நடத்தும் ரஹ்மத்திடம் சொன்னேன்.

"ஏட்டி, நாளைக்கே புதுக்கடை ஊரு முழுக்க நம்ம சூரணத்த இடிப்பானுவ."

"இடிக்கட்டும்."

"என் எண்ணெயுமா?"

"அதுவும்தான்."

ரஹ்மத், பூட்டிவைத்திருந்த தன் மருந்து நோட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். "கையெழுத்து புரியலன்னா கேளு."

மாலையில் தங்கப்பனின் மகள் பேசினாள். கசிவு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. விடிந்ததும் நேரில் போய், பெயரை மறைத்து எண் போட்டது நான்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

பதினான்கு மருந்துகள் எழுதியாயிற்று. இன்னும் இருபத்தாறு. ரஹ்மத்தின் கையெழுத்து உண்மையிலேயே புரியவில்லை.