பென்சில் நாற்காலி

மார்ச் 3

அன்புள்ள லிப்ட்காரருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைப் பற்றி நீங்கள்தான் வாயே திறப்பதில்லை. "ஒரே வருஷம், கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்று வெளியூர் வேலைக்குப் போனவர், நாலு வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறீர்கள்.

கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிகளை ஒட்டியும் தைத்தும் நம் வீட்டு முன்னறையைப் படமாக்கி அனுப்பியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே கட்டடங்களெல்லாம் கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் துணி. மேம்பாலம் ஒரு பழைய ஜிப். தெருவிளக்குகள் மஞ்சள் பொத்தான்கள். வானத்துக்கு மட்டும் நீர்வண்ணம். திரைச்சீலை உங்கள் நீலச் சட்டை. கோபிக்காதீர்கள், காலர் கிழிந்துவிட்டது. ஒன்பதாவது மாடியிலிருந்து ஊர் இவ்வளவு அழகா என்று எனக்கே ஆச்சரியம். பக்கத்தில் சொல்லத்தான் ஆளில்லை.

உங்கள் தையல்காரி

மார்ச் 21

அன்புள்ள தையல்காரிக்கு,

படம் வந்தது. அறையில் கூட இருப்பவர்களிடம் காட்டினேன். "அண்ணி கையில வித்தை இருக்கு" என்கிறார்கள். ஜிப் மேம்பாலத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரே ஒரு குறை. உன் நாற்காலியைத் துணியில் தைத்துவிட்டு, என்னுடையதை வெறும் பென்சிலில் விட்டிருக்கிறாயே, துணி தீர்ந்துவிட்டதா? இங்கே இருபத்திரண்டு மாடிக்கு லிப்ட் மாட்டும் வேலை புதிதாகத் தலையில் விழுந்திருக்கிறது.

உன் புருஷன்,
லிப்ட்காரன்

ஏப்ரல் 6

அன்புள்ள லிப்ட்காரருக்கு,

துணி நிறைய இருக்கிறது. எவ்வளவு தெரிந்தவர் துணியானாலும் முதலில் கோடுதான் போடுவேன். ஆள் நேரில் வந்து சரி என்று சொல்லாமல் கத்தரி வைக்கமாட்டேன். இது உங்களுக்குத் தெரியாததா?

எதிரில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட என்னால் இனி முடியாது. வருவதாக இருந்தால் படத்தைக் கையோடு கொண்டு வாருங்கள், அன்றே தைத்துவிடுகிறேன். இல்லையென்றால் பென்சில் கோட்டை அழித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இழுத்தடிக்க மட்டும் வேண்டாம்.

உங்கள் தையல்காரி

மே 30

அன்புள்ள தையல்காரிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. வேலை கழுத்தை நெரிக்கிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பார்க்கலாம். படம் பத்திரமாக இருக்கிறது. தூசு படியாமல் இருக்கக் கண்ணாடி வைத்துச் சட்டம் போட்டு, கட்டிலுக்கு எதிரே ஆணியடித்து மாட்டிவிட்டேன். தினமும் பார்க்கிறேன்.

அன்புடன்,
லிப்ட்காரன்

ஜூன் 12

லிப்ட்காரருக்கு,

கண்ணாடி போட்டது நல்லதுதான். இனி அதில் ஊசி ஏறாது.

எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் ஒரு நாற்காலி குறைகிறதாம். உங்களுடையதைக் கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் தையல் மெஷினைப் போட்டிருக்கிறேன். ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

தையல்காரி