ஆயுசு கெட்டி

நாமகிரிப்பேட்டை,
11-1-1982

மகன் மருதாசலத்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் வசந்தாமணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உங்கப்பா சுகம். நான் கோபமாக இருக்கிறேன்.

கண் ஆபரேசன் முடிந்து வந்ததிலிருந்து உங்கப்பா புதுக் கண்ணாடியோடு மஞ்சள் காட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நல்லது. எனக்கும் அதே புரைதான். டாக்டர், "அம்மாவுக்கும் பாத்துரலாமுங்களா?" என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "அவங்களுக்கு ஆயுசு கெட்டிங்க. எங்களையெல்லாம் அனுப்பி வெச்சுட்டுத்தான் போவாங்க. மெதுவாப் பாக்கலாமுங்க." எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம் வளவில் ஏழு வீடு. ஐந்து வீட்டில் ஆம்பளை போய்ச் சேர்ந்தாயிற்று. பொம்பளைகள் இருக்கிறார்கள், சரி. எப்படி இருக்கிறார்கள்? அங்கம்மாள் சுவரைத் தடவிக்கொண்டுதான் வெளியே வருகிறாள். மயிலம்மாள் இடுப்பு ஒடிந்து மூன்று வருசமாகக் கட்டிலில் கிடக்கிறாள். வெறும் ஆயுசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இருபது வருசம் குருடியாக உட்கார்ந்திருக்கவா?

நேற்று சோற்றில் கல் கிடந்ததென்று உங்கப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். கல் எனக்குத் தெரிந்தால்தானே பொறுக்குவேன்.

என் எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். உன் பொடி எழுத்தை உங்கப்பாதான் எனக்குப் படித்துச் சொல்கிறார்.

அம்மா


சூரமங்கலம்,
20-1-1982

அன்புள்ள அம்மாவுக்கு மருதாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவுக்கு எழுபத்திரண்டு. ஆண்கள் உடம்பு இந்த வயதில் எப்போது என்ன ஆகுமென்று சொல்ல முடியாது. அதனால்தான் அவருக்கு முந்திக்கொண்டோம். உங்களைப் பெற்ற அம்மாயி தொண்ணூறு வரை இருந்தார்கள். உங்களுக்கும் அதே உடம்பு. என்ன அவசரம்? ரயில்வே ஆபீசில் இப்போது லீவும் கிடைக்காது. அடுத்த வருசம் தை கழிந்ததும் நானே கூட்டிப்போகிறேன்.

உங்கள் அன்பு மகன்,
மருதாசலம்

பி.கு: அப்பாவுக்கு. இதை அம்மாவுக்குப் படிக்க வேண்டாம். ஆபரேசன் ஆனால் அவர்கள் நாற்பது நாள் அடுப்புப் புகையில் நிற்கக் கூடாதாம். உங்களுக்குச் சோறு யார் ஆக்குவது? வசந்தாமணியை அங்கே அனுப்ப முடியாது. தள்ளிப் போடுவதே நல்லது.


நாமகிரிப்பேட்டை,
15-3-1982

மருதாசலத்துக்கு,

ஆத்தூரில் கண் முகாம் என்றார்கள். பக்கத்து வீட்டுச் செல்லாயியைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனேன். மத்தியானம் வரை வெயிலில் வரிசை. கூட்டம் அதிகம், அறுபது வயதானவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். ரேசன் கார்டை நீட்டினேன். "உங்களுக்கு நாப்பத்தஞ்சுதானேம்மா" என்றான் அந்தப் பையன்.

எனக்கா நாற்பத்தைந்து? உனக்கு நாற்பத்து மூன்று. இரண்டு வயதிலேயே உன்னைப் பெற்றேனா? நான் இப்படிக் கேட்டதும் வரிசையே சிரித்தது. திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கார்டுக்கு எழுதிக் கொடுத்தது நீ. உங்கப்பா வயது மட்டும் சரியாக இருக்கிறதாம், செல்லாயி பார்த்துச் சொன்னாள். பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றேன். என் வயது என்னவென்று ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா?

அம்மா


சூரமங்கலம்,
24-3-1982

அன்புள்ள அம்மாவுக்கு,

தாலுகா ஆபீஸ் நெரிசலில் கேட்டார்கள், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். உங்களைப் பார்த்தால் வயதானதாகவே தெரிவதில்லையே அம்மா. இதற்குப் போய் இவ்வளவு கோபமா? தைக்குப் பார்க்கலாம்.

மருதாசலம்


நாமகிரிப்பேட்டை,
18-6-1982

மருதாசலத்துக்கு,

பொடி எழுத்தாகவே எழுதியிருக்கிறேன், பார்.

சித்திரையில் சேலம் வந்து ஆஸ்பத்திரியில் கண் ஆபரேசன் செய்துகொண்டேன். எட்டு நாள் கட்டோடு படுத்திருந்தேன். அங்கிருந்து உன் வீடு மூன்று மைல். "மகனுக்குச் சொல்லட்டுங்களா அக்கா?" என்று செல்லாயி கேட்டாள். வேண்டாம் என்றேன். கையெழுத்துப் போட்டவளும் அவள்தான், கஞ்சி ஊற்றியவளும் அவள்தான்.

நாற்பது நாளும் உங்கப்பாவே சோறு ஆக்கினார். முதல் வாரம் குழைந்தது, அப்புறம் பதமாகவே வெந்தது. பட்டினியில் அவர் சாகவில்லை.

கண் தெளிந்ததும் உன் கடுதாசிகளை எடுத்து ஒவ்வொன்றாக நானே படித்தேன். தை மாதக் கடுதாசியின் அடியில் இருந்ததையும் படித்தேன். உங்கப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஆயுசு கெட்டிதான். ஆனால் அது உங்களுக்கு வடித்துக் கொட்டுவதற்கென்று வந்த ஆயுசு இல்லை.

ரேசன் கார்டைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். லீவு போட்டுத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நீயே நின்று, திருத்தி வாங்கிக்கொண்டு நேரில் வா. அதுவரை கடுதாசி போடாதே. போட்டாலும் பிரிக்க மாட்டேன்.

சென்னியம்மாள்,
வயது அறுபத்தொன்று