கன்சோலுக்கு அடியில் கிடந்தது

மட்டாஞ்சேரி
14-7-1983

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு,

உன் புருஷன் இசக்கிமுத்து எழுதுவது. இங்கே நானும் அக்காவும் சுகம். அங்கே நீயும் நம் பிள்ளை காளியம்மையும் உன் அண்ணன் அழகர் மச்சானும் சுகமாக இருக்க வேண்டும். முன்பு போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. அதிலெல்லாம் மழையையும் மீன் விலையையும்தான் எழுதியிருந்தேன், நீ பதில் போடாததில் தப்பே இல்லை. இதையாவது கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

மிளகுக் கிடங்கு சேட்டுவின் பழைய சீமைக் கார் மறுபடி எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. மகள் கல்யாணத்துக்குள் உட்புறம் முழுக்கப் புதிதாக்க வேண்டுமாம். சீட்டெல்லாம் இறக்கிவிட்டு நேற்று கன்சோலில் கை வைத்தேன். முன் சீட் இரண்டுக்கும் நடுவே கியரைச் சுற்றி நிற்குமே, அந்தப் பெட்டிதான். அதிலிருந்த சாம்பல் கிண்ணத்தைப் பார்த்துக் குங்குமச் சிமிழா என்று கேட்டாயே.

அதைக் கழற்றப் பொறுமை வேண்டும். கியர் குமிழைத் திருகி எடுத்து, சாம்பல் கிண்ணத்தைத் தூக்கினால் அடியில் இரண்டு ஸ்குரூ. பக்கவாட்டில் இருப்பவை கம்பளத்துக்குள் ஒளிந்திருக்கும். பிறகு ரேடியோ வயர் அறாமல் பின்பக்கமிருந்து மெல்லத் தூக்க வேண்டும். தூக்கினேன். அடியில் நாலைந்து மிளகு, ஒரு பஸ் டிக்கெட், அந்தத் தூசிக்குள் உன் சிவப்புக்கல் தோடு.

பேச்சி, நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் மாசியில் அந்தக் கன்சோலை மாட்டியது நான்தான். பின்மூலையில் கிளிப் உடைந்து விரல் நுழைகிற சந்து இருந்தது. வேறு கிளிப் தேடச் சோம்பல்பட்டு ரெக்சின் துண்டைத் திணித்து மூடினேன். ஓட்டிப் பார்க்கிற சாக்கில், சேட்டுவுக்குத் தெரியாமல், உங்கள் இருவரையும் கடற்கரைக்கு ஏற்றிப் போனேன். மடியிலிருந்த பிள்ளை உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள். தோடு அந்தச் சந்தில்தான் போயிருக்கிறது.

வீடு திரும்பித் தோட்டைக் காணோம் என்றதும் வண்டியில் பாருங்கள் என்று நீ சொன்னாய். சீட்டுக்கு அடியில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்றேன். உன் அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டாய் என்றாள் அக்கா. காரில் போனது தெரிந்தால் வேலை போய்விடும் என்று நான் வாயே திறக்கவில்லை. அதோடு விட்டேனா, உண்மையைச் சொல்லிவிடு என்று உன்னையே கேட்டேன். நீ அழவில்லை. மற்றத் தோட்டையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் காதோடு உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய்.

வண்டிக்குள் எது கிடைத்தாலும் டப்பாவில் போட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்க வேண்டும், அது எங்கள் முதலாளி வர்கீஸ் சேட்டன் வைத்த சட்டம். மடியில் செருகிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் டப்பாவில் போட்டேன். சேட்டு வந்ததும், இது என் பெண்சாதியுடையது, உங்களைக் கேட்காமல் அவளை இதில் ஏற்றிப் போனேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் டப்பாவிலிருந்து தோட்டை எடுத்து என் கையில் வைத்தார். வர்கீஸ் சேட்டன்தான், ஒரு சாயா குடிக்கிற நேரத்தில் சொல்லித் தீர்த்திருக்கலாமேடா மண்டா என்று கத்தினார். வேலை போகவில்லை. இதற்குப் பயந்தா உன்னை இழந்தேன் என்று இருக்கிறது. அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவள் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

காளியம்மைக்கு இப்போது நன்றாகப் பேச்சு வந்திருக்கும். அப்பா எங்கே என்று கேட்டால் என்ன சொல்கிறாயோ. அவள் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. உன் குரலையும்தான், திட்டினாலும் சரி.

வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு தோட்டையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். வாசலில் நிற்பேன். உள்ளே வாருங்கள் என்று நீ சொல்லாவிட்டால், ஊரார் பார்க்க உன் அண்ணன் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். நான் வரும்வரை காது தூர்ந்துபோகாமல் ஒரு ஈர்க்குச்சியாவது போட்டு வை, பேச்சி.

இப்படிக்கு,
உன்
இசக்கிமுத்து