ஏழிமலையிலிருந்து வந்த போட்டோ

கோவில்பத்து, காரைக்கால்
அக்டோபர் 16

அன்புள்ள ஜெனிஷா அப்பாவுக்கு,

நானும் ஜெனிஷாவும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் சுகத்துக்கும் ஒரு படி மேலே இருப்பதைப் போட்டோவில் பார்த்துக்கொண்டேன்.

பதினெட்டு வருடமாகத் தபால் நிலையத்தில் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறேன். உங்களுக்கென்று எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் கேட்டால் "டவர் இல்ல ராணி, அப்புறம் கூப்புடுறேன்" என்பீர்கள். காகிதத்துக்கு டவர் வேண்டாம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கொல்லைப்பக்கம் ஒழுகிய இடத்தை ஆள் வைத்து அடைத்துவிட்டேன். நெடுங்காட்டு மாப்பிள்ளை வீட்டில் ஜெனிஷா கல்யாணத்தைத் தை மாதமே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெரியநாயகி அம்மாள் உங்களோடு பேச வேண்டுமாம். மூன்று முறை மெசேஜ் அனுப்பியும் நீங்கள் பதில் போடவில்லை என்று குறைப்பட்டார். மாற்றலாகிப் போன மாஹே ஆபீஸில் அவ்வளவு வேலை என்று நான்தான் சமாளித்தேன்.

வேலை என்ன என்பது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. ஆயுத பூஜை லீவுக்கு ஆபீஸ் ஆட்களோடு சைக்கிள் பயணம் போகிறேன், கண்ணூருக்கு வடக்கே ஏழிமலை வரை, இரண்டு நாள் என்று சொல்லியிருந்தீர்கள். அப்போதே எனக்கு உறுத்தியது. உங்களுக்கு சைக்கிள் சரியாக ஓட்ட வராது. கல்யாணமான புதிதில் திருநள்ளாறு ரோட்டில் பட்டப்பகலில் என்னையும் வைத்துக்கொண்டு வேலிக்குள் விட்டவர் நீங்கள். அதன் பிறகு தொடவே இல்லை. இன்றைக்கும் ஸ்கூட்டரை ஓட்டுவது நான்தான். நம் ஊரில் ஏறி இறங்க அரசலாற்றுப் பாலத்தை விட்டால் வேறு மேடு கிடையாது. அந்த ஊர்க்காரர் நாற்பத்தெட்டு வயதில் மலை ஏறுகிறேன் என்றால் நான் என்ன நினைப்பது?

உங்களோடு வேலை பார்க்கிற பட்டினத்து ஃபயாஸ் தம்பி ஸ்டேட்டஸில் போட்டோ போட்டிருந்தார். செம்மண் சரிவு, கீழே கடல், சாலை நெடுக சைக்கிள்கள். எல்லாம் இரண்டு பேர் ஓட்டுகிற நீளமான சைக்கிள்கள். பின்னால் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் கறுப்புக் கண்ணாடி. சைக்கிளுக்கொரு ஜோடி. உங்களுக்கு முன்னால் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண். நீங்கள் வாயைத் திறந்து சிரிக்கிறீர்கள். இருபத்துநான்கு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை இந்த வீடு பார்த்ததில்லை.

ஃபயாஸ் தம்பிக்கு போன் செய்தேன். "நான் வேன்ல பின்னாடி வந்தேங்க அக்கா, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். பத்து நிமிடத்தில் அந்த ஸ்டேட்டஸைக் காணோம். ஆனால் நான் அதற்குள் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. ஈஸ்டருக்கு வந்தீர்களே, அன்றைக்கு ரயிலிலிருந்து ஒரு பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினீர்களாம். ஆட்டோ அன்பழகன் சொன்னார். சொல்லிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அந்த முறை நான் உடுத்திய புதுப் புடவையை நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பூசையில் பக்கத்தில் நின்றும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அனுப்புகிற மெசேஜுக்கு எழுதிப் பதில் போட்டு ஒரு வருடம் ஆகிறது. எல்லாம் குரல் பதிவு. எழுதினால் சாட்சியாகிவிடும் என்று பயமா?

அவள் யார்? அது ஒன்றை மட்டும் உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள். மகள் கல்யாணம் முடியும் வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். அதற்குப் பிறகு என்னைத் தேடாதீர்கள்.

கடவுள் உங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
அமலராணி


கோவில்பத்து, காரைக்கால்
நவம்பர் 4

என் அன்பானவருக்கு,

போன கடிதம் வந்ததா என்று கேட்டதற்கு, "வந்துச்சு ராணி, படிச்சேன். நீ நெனைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல" என்று குரல் பதிவு அனுப்பினீர்கள். கைப்பட எழுதச் சொல்லியும் எழுதவில்லை. அதில் என் சந்தேகம் இன்னும் முற்றியது. அதனால் ஒரு காரியம் செய்தேன்.

போட்டோவில் பின்னால் தெரிந்த வேனின் மேல் ஒரு துணி கட்டியிருந்தது. எழுத்தெல்லாம் மலையாளம். அடியில் ஒரு போன் நம்பர் மட்டும் புரிந்தது. நல்ல வார்த்தையாக நாலு கேட்டுவிட வேண்டும் என்று தபால் நிலையத்தின் பின்கட்டில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். எடுத்ததே அந்த மஞ்சள் தொப்பிப் பெண்தான். பெயர் ஷீபா. கண்ணூரில் விளையாட்டு டீச்சராம்.

டென்னிஸின் மனைவி பேசுகிறேன் என்றதும் அவள் சந்தோஷப்பட்டாள்.  "அடுத்த தடவை சேச்சியும் வரணும்" என்று என்னையும் கூப்பிட்டாள். பார்வை குறைந்தவர்களைப் பின்னால் உட்காரவைத்து வருடா வருடம் இப்படிக் கூட்டிப் போகிறார்களாம். பார்வையா என்று நான் திருப்பிக் கேட்டதில் அவளுக்குப் புரிந்துவிட்டது. "சேச்சிக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று இன்னும் விளங்கவில்லை. கட்டிய மனைவிக்குத் தெரியாது என்று இன்னொருத்தியிடம் சொல்ல நாக்கு வரவில்லை.

அவள் நிறையச் சொன்னாள். ஏற்றத்தில் மற்றவர்கள் இறங்கித் தள்ளியபோதும் நீங்கள் மிதிப்பதை நிறுத்தவில்லையாம். திருப்பத்துக்குத் திருப்பம் என்ன தெரிகிறது என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாளாம். இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்ததும், "நீங்க சொல்ல வேண்டாங்க டீச்சர், கடல் எந்தப் பக்கம்னு எனக்கே தெரியுது" என்று கத்தினீர்களாம். அந்த நேரத்தில் எடுத்த போட்டோவைத்தான் நான் ராத்திரியெல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சபித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஃபயாஸ் தம்பியைப் பிடித்தேன். அவர் அழுதுவிட்டார். விழித்திரை தேய்ந்துகொண்டே வருகிறது, மருந்து கிடையாது, பரம்பரையாக வருவது என்று இரண்டு வருடத்துக்கு முன்பே டாக்டர் சொன்னதை அவர் சொன்னார். "இது வெளிய தெரிஞ்சா எம் பொண்ணுக்கு யாருடா வருவா" என்று நீங்கள் அவரிடம் சத்தியம் வாங்கியதையும் சொன்னார். கடைசியாக, என் கடிதத்தை உங்களுக்குப் படித்துக்காட்டியது தான்தான் என்றார். பாதியில் நிறுத்தப் பார்த்தாராம். நீங்கள்தான் "முழுசும் படி" என்றீர்களாம்.

நான் எழுதியதையெல்லாம் இன்னொருவர் வாயால் கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லை என்று எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு நான் என்ன எழுத?

ஆனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ரயிலில் முன்பின் தெரியாதவள் கையைப் பிடிக்க முடிந்தது. என் கையைப் பிடிக்கத் தோன்றவில்லையே. ஃபயாஸை நம்பினீர்கள், ஷீபாவை நம்பினீர்கள். இருபத்துநான்கு வருடம் கூட இருந்தவளை என்னவென்று நினைத்தீர்கள்?

ஜெனிஷாவிடம் சொல்லிவிட்டேன். பரம்பரை என்ற பிறகு மறைப்பது பாவம். வியாழக்கிழமை தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டினேன். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ரத்தப் பரிசோதனை வந்தபின் சொல்கிறோம் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, இருட்டின பிறகு எதிரே வந்த ஊர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக என்னிடம் வாசித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். 

நேற்று நெடுங்காட்டுக்குப் போய்ப் பெரியநாயகி அம்மாளிடமும் உள்ளதைச் சொன்னேன். காபி கொடுத்தார். வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. சொல்கிறபடி சொல்லட்டும். ஜெனிஷா, "அப்பா மொதல்ல வீட்டுக்கு வரட்டும்மா, கல்யாணத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அவளுக்கு என் குணமா உங்கள் குணமா தெரியவில்லை.

இந்தக் கடிதத்தையும் ஃபயாஸ் தம்பிதான் படிப்பார். படிக்கட்டும். தம்பி, உங்களை அன்றைக்கு மனதில் திட்டியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கிளம்பி சனிக்கிழமை மதியம் மாஹே வந்துவிடுவேன். இடமாற்றத்துக்கு மனு எழுத வேண்டும். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். ஃபயாஸை வெளியிலேயே நிற்கச் சொல்லுங்கள். என் முகம் எவ்வளவு தெரிகிறது என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் சொல்ல வேண்டாம். நான் கூப்பிடுவேன். குரல் வருகிற பக்கம் கையை நீட்டுங்கள், போதும்.

அதுவரை படி பார்த்து இறங்குங்கள். மாதா உங்களுக்கு முன்னால் நடக்கட்டும்.

உங்கள்
ராணி