முன்னறையில் தங்கிய ஆட்டக்காரர்

12 மார்ச் 1955, சனி இரவு

எங்கள் ஊர்க் குழுவுக்காக மதராஸ் குழுவிலிருந்து வாப்பா பேசி அழைத்துவந்த மூத்த பந்தாட்டக்காரர் எங்கள் முன்னறையில்தான் தங்கியிருக்கிறார். வேற்று ஆண் இருப்பதால் நான் அடுப்படியைத் தாண்டுவதில்லை. அவர் வரும்வரை அந்த இடத்தில் ஆடிவந்த அண்ணன், இப்போது கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

இன்று பொன்னேரியோடு ஆட்டம். தோற்றால் அவரை அனுப்பிவிடுவதாக வாப்பா சொல்லியிருந்தார். தோற்கட்டும் என்று துஆ கேட்டேன்.

ஜெயித்துவிட்டார்கள்.

"அவரு இங்கயே இருக்கட்டும். சின்னப் பசங்க அவராண்ட கத்துக்கினு வரட்டும்," என்றார் வாப்பா.

அண்ணன் அடுப்படிக்கு வந்தான். "உனுக்கு வெளிய வர வழியில்ல, எனுக்கு உள்ள எறங்க வழியில்ல. நல்லாக்கீது புள்ள," என்று சிரித்தான்.

அவருக்கு இன்னும் மீன் வேண்டுமென்று வாப்பா குரல் கொடுத்தார். பெரிய துண்டாக வைத்து நீட்டினேன். அண்ணன்தான் தட்டை எடுத்துக்கொண்டு போனான்.