பர்கர் பேக்கரி ஐட்டம்தானே

மார்ச் 3, திங்கள்
அப்பாவுக்கு கிரியேட்டினின் 4.8. சேலத்து டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கிட்னி முக்கால்வாசி போயிருச்சு. மிச்சத்தக் காப்பாத்தலன்னா டயாலிசிஸ் மிஷின்தான். உப்பக் குறைக்கணும். ஃபாஸ்ட் ஃபுட் சுத்தமா கூடாது."
அப்பா முட்டை லாரி டிரைவர். மிஷினில் ஏறினால் லாரியில் ஏற முடியாது. பைக்கிலேயே ராசிபுரம் திரும்பினோம்.

மார்ச் 4
ஃபாஸ்ட் ஃபுட் என்றால் குணசீலன் கடை. வேறென்ன? வண்டியில் சிவப்புப் பெயிண்டில் அப்படித்தானே எழுதியிருக்கிறார், பக்கத்தில் ஒரு டிராகன் வேறு. லோடு இறக்கிவிட்டு வந்தால் அப்பாவுக்கு அங்கேதான் முட்டை ஃப்ரைடு ரைஸ். போய்க் கத்தினேன்.
"எங்கப்பனுக்கு இனி ஒரு கரண்டி போட்டீங்க, வண்டியவே கவுத்துருவேன்."
"ஏம்ப்பா, உப்பு, சாஸு இல்லாம போட்டுத் தாரேன்னாலும் ஆவாதா?"
"அஜினமோட்டோ இல்லாத சைனீஸா? யாருகிட்ட கதை உடறீங்க?"

மார்ச் 7
உப்பில்லாத களியை அப்பா தொடவில்லை. "செத்தே போறேன், உடுங்க" என்கிறார்.

மார்ச் 8
ஏன் இது முன்பே தோன்றவில்லை? பாலிடெக்னிக்கை விட்டதிலிருந்து பேக்கரியில்தானே வேலைக்கு நிற்கிறேன். காய்ச்சல் என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும் ஊரே பிரட்டும் பன்னும்தான் வாங்கிப் போகிறது. பர்கர் என்ன? பன். நடுவில் கோஸ், தக்காளி, வடை மாதிரி ஒரு பேட்டி, சீஸ். சட்டியில் புகைகிற எண்ணெய் இல்லை. சோயா சாஸ் இல்லை. எது உடம்புக்கு நல்லது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
ராத்திரி ஒரு பர்கர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா முழுசாகத் தின்றார். "இது ஃபாஸ்ட் ஃபுட் இல்லியாடா?"
"பேக்கரி ஐட்டமுங்கப்பா."

மார்ச் 15
தினமும் இரண்டு. அம்மாவுக்குத் தெரியாது. அப்பா சிரிக்கிறார்.

மார்ச் 22
அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. அழுத்தினால் குழி விழுகிறது. உட்கார்ந்தே ஓட்டுவதாலோ?

மார்ச் 24, திங்கள்
காலையில் மூச்சு விட முடியல அவருக்கு. படுக்கவும் முடியல. ஆம்புலன்ஸுல என் கையப் புடிச்ச புடி — செத்துருவாரா? எங்கப்பா செத்துருவாரா?

மார்ச் 25
கிரியேட்டினின் 9. நுரையீரலில் நீர். சாப்பாட்டுக் கணக்கு கேட்க ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சரிதா மேடம் வந்தார். "ஒரு கல்லு உப்பு போடலீங்க" என்று அம்மா சத்தியம் செய்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா மாஸ்க்கை விலக்கினார். "நாந்தானுங்க. ரோட்டுல ஃப்ரைடு ரைஸ் வாங்கித் தின்னுபோட்டேன்."
எனக்காகப் பொய். மூச்சே வராத ஆள்.
மேடத்தின் பின்னால் படிக்கட்டு வரை ஓடினேன். பர்கர், தினம் ரெண்டு, நான்தான் என்றேன். எது மோசம் என்று கேட்டேன். ஃப்ரைடு ரைஸ் என்று சொல்லிவிடுங்களேன், ப்ளீஸ்.
"ரெண்டும் ஃபாஸ்ட் ஃபுட்தான் தம்பி. ஃப்ரைடு ரைஸாச்சும் உப்பு, சாஸ் போடாதீங்கன்னு மாஸ்டர்கிட்ட சொல்லலாம். பன்னு, பேட்டி, சீஸு, சாஸு, எல்லாம் உப்போடதான் கடைக்கே வருது." ஒரு படி இறங்கித் திரும்பினார். "வியாதி முன்னாடியே முத்திருந்துச்சு. முழுசும் உன்னாலன்னு சொல்ல மாட்டேன்."
முழுசும் இல்லை. அப்போ எவ்வளவு?
அந்தப் பேட்டி பாக்கெட்டை நானே எத்தனை கிழித்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பின்பக்கம் திருப்பிப் படித்ததில்லை.

மார்ச் 26
மிஷினில் ஏற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 2
அம்மாவிடம் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன்.
"மெத்தைக்கு அடியில பர்கர் சுத்துன பேப்பரப் பாத்தேன் சாமி. மனுசன் சிரிச்சுட்டுத் தின்னாரு. நானும் கம்முனு இருந்துபோட்டேன்."


ஏப்ரல் 10, வியாழன்
இனி செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். செவ்வாய் திரும்பி வரும்போது பைக்கில் அப்பாவுக்குத் தலை சுற்றியது.
இன்று லாரி முதலாளி தண்டாயுதபாணி வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். கேட்க வாய் வரவில்லை அவருக்கு. அப்பாவே எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "ரெண்டாவது கியரு கொஞ்சம் மொரண்டு புடிக்குமுங்க. புது ஆளுகிட்டச் சொல்லிருங்க."
முதலாளி கிளம்பிப் போனார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.
"நாளைக்கு சேலம் பஸ்ஸு எத்தன மணிக்குடா?"
இருபத்தாறு வருஷம் அந்த ரோட்டில் ஓட்டியவர்.